தாராக்களுக்குப் பின்னால் நின்றவர்

கலியாணப் படத்திலிருந்து வேண்டாத மச்சானை எடுத்துவிடுவதில் ஜிப்ரியை மிஞ்ச காத்தான்குடியில் ஆள் கிடையாது. பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு அகப்பட்டவர், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் மூக்கைக் குடைந்துகொண்டு நின்றவர், கலியாணத்துக்கும் அல்பம் வருவதற்கும் இடையில் குடும்பத்தோடு கோபித்துக்கொண்டு போனவர் என்று எத்தனையோ பேரைக் கணினியில் உட்கார்ந்து பக்குவமாக வழித்து எடுத்திருக்கிறார். ஆளை எடுத்த இடத்தில் சுவர் வரும், திரைச்சீலை வரும், தேவைப்பட்டால் ஒரு பூச்சாடியும் வரும். அங்கே ஒருவர் நின்றார் என்று அவரைப் பெற்றவளே சொல்லமாட்டாள்.

அவருடைய ஸ்டூடியோவுக்கு இன்னொரு நல்ல பெயரும் உண்டு. ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் மனைவி ஸஹீதாவுமாகப் படம் எடுப்பார்கள். அல்பத்தைக் கொடுக்கும் அன்று வீட்டுக்காரரைப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காரவைத்து, அவர் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். தன் மகளின் முகம் அடுத்தவன் கணினியில் கிடப்பதை இந்த ஊரில் எந்தத் தகப்பன் பொறுப்பான்? ஜிப்ரியிடம் கொடுத்தால் ஒரு துண்டும் மிஞ்சாது என்று ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் தேடி வருவார்கள். வழிப்பது ஒரு பழக்கம், அழிப்பது இன்னொரு பழக்கம். இரண்டும் சேர்ந்து அவருக்குச் சோறு போட்டன. அந்த இரண்டையும் வாவிக்கும் கொண்டுபோனார் பாருங்கள், அங்கேதான் பிழையாகிப்போனது.

வாவிக்கு அவர் போகத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கார்த்திகையில். கலியாண மேடையைத் தூரத்திலிருந்து எடுக்கவென்று வாங்கிய நீள லென்ஸ் ஒன்று கைக்கு வந்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க, விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வாவியின் ஒரு மூலையில் இருந்த முள்ளிக்குடாவுக்குப் போனார். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் நின்றால் வெயில் முதுகில் இருக்கும், தண்ணீரில் இருப்பதெல்லாம் முகம் விளங்க நிற்கும். படம் பிடிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கண்ணா என்கிற சதுப்பு மரங்களுக்கு நடுவே பச்சையாகக் கிடந்த தண்ணீரில் நாற்பது ஐம்பது காட்டுத்தாராக்கள், வலசை வந்த சின்ன வாத்துகள், மிதந்தன. ஜிப்ரி கெமராவைத் தூக்கினார். அவ்வளவும் எழும்பிப் போய்விட்டன. அடுத்த நாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, பள்ளிவாசலுக்குப் போற வெள்ள உடுப்போட வந்து நிண்டா அதுகள் நிக்குமா? பேய் எண்டெல்லோ நினைக்கும்!"

தோணியில் நின்றவர் செபஸ்தியாம்பிள்ளை. குடாவின் வடக்குக் கரையில், தேவாலயத்துக்குப் பின்வளவில் அவருக்கு வீடு. அப்போது ஐம்பது கடந்திருந்தார். கறுத்து ஒடுங்கிய உடம்பு, இடுப்பில் ஒரு சாரம், தலையில் துவாய். முள்ளிக்குடாவின் வாயில் கம்பு நட்டு வலை கட்டியிருந்தவர் அவர். அந்தக் கம்புகளால் இயந்திரப் படகுகள் குடாவுக்குள் வருவதில்லை. அதனால் தண்ணீர் அலுங்காது. அலுங்காத தண்ணீரில் பாசி வளர்ந்தது, பாசிக்குத் தாரா வந்தது. இதெல்லாம் ஜிப்ரிக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான். இந்த மனிதர் கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கிக்கொண்டு தாராக்களுக்குப் பக்கத்தால் போகிறார், ஒன்றும் சிறகடிக்கவில்லை.

"அதுகளுக்கு என்ட தோணியத் தெரியும். ஏறுங்க," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

அன்று ஏறியவர் பதினொரு வருடம் இறங்கவில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும், கலியாணமும் காய்ச்சலும் இல்லாத காலையெல்லாம் அந்தத் தோணிதான். ஒரு தலையணை உறையில் உமியை நிரப்பித் தோணியின் விளிம்பில் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி ஜிப்ரி குந்தியிருப்பார். ஊர்த் தென்னைகளுக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்ததிலிருந்து ஒரு கால் மணித்தியாலம்தான் அசல் வெளிச்சம். அந்த நேரத்தில் ஆண் தாராவின் வெள்ளைப் புருவம் பிறை மாதிரி எழும்பும், கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அதற்குப் பிறகு வருவது வெறும் வெயில். அந்தக் கால் மணித்தியாலத்துக்குத் தோணி எங்கே நிற்க வேண்டும் என்று செபஸ்தியாம்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தாரா எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் அவர்தான் முன்கூட்டிச் சொல்வார்.

வலை பார்க்கிற நாட்களில் ஜிப்ரியைக் கரையோரம் ஒரு சதுப்பு மேட்டில் இறக்கிவிட்டுப் போவார். அப்போது தாராக்கள் முன்னால் மிதக்க, அவற்றுக்கு அப்பால் அவர் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருப்பார். படத்தில் அவர் விழுவார். கம்புகள் விழும், கம்பில் குந்தியிருக்கும் நீர்க்காகம் விழும். ஜிப்ரிக்கு அது பிடிக்காது. சில நாள் "அண்ணன், கொஞ்சம் அங்கால போங்க" என்று கை காட்டுவார். மனிதர் வேலையைப் போட்டுவிட்டு நகர்வார். மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்து கணினியில் வழித்துவிடுவார். சுத்தமான தண்ணீர், தாரா, வெளிச்சம், இவை மட்டும் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முடித்த படத்தை வைத்துக்கொண்டு மூலப் படத்தை அழித்துவிடுவார். அழி என்று யாரும் கேட்கவில்லை, பக்கத்தில் கதிரை போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. கை பழகிவிட்டது.

படங்கள் நன்றாக இருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் ஒரு கண்காட்சியில் இரண்டைச் சுவரில் கொழுவினார்கள். முகநூலில் முன்பின் அறியாதவர்கள் இது எந்த நாடு என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்வி அப்போது ஜிப்ரிக்குப் பெருமையாக இருந்தது. மனிதருக்கு அப்போதாவது கொஞ்சம் உறைத்திருக்கலாம்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் முள்ளிக்குடாவுக்கு அபிவிருத்தி வந்தது. உல்லாசப் பயணிகளுக்கு நடைபாதை, மிதிபடகு, ஓர் இறங்குதுறை. குடாவில் வழமையாகத் தொழில் செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று எடுக்கிறார்கள் என்றும், பட்டியலில் இருப்பவருக்குப் பக்கத்திலேயே வலை கட்ட இடம் ஒதுக்குவார்கள் என்றும், மற்றவர்கள் கம்பைப் பிடுங்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். மீனவர் சங்கத்தில் இருந்தவர்களுக்குச் சங்க அட்டை போதும். செபஸ்தியாம்பிள்ளையிடம் அட்டை இல்லை. குஞ்சு மீனையும் அள்ளுகிற பொடிக்கண் வலை பாவிக்கிறார்கள் என்று சங்கத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு எப்போதோ வெளியே வந்தவர் அவர். சாட்சிக் கடிதம் கொடுத்தால், ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் அப்படி எழுதிக் கொடுக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்த அரசாங்கக் கந்தோரில் அதை ஏற்கவில்லை. "ஐந்து வருடமாவது இங்கே தொழில் செய்ததற்குத் தேதியோடு ஒரு படம் இருந்தாலும் போதும்" என்றாராம் அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி அம்மா.

அதைக் கேட்டுச் செபஸ்தியாம்பிள்ளை சிரித்திருக்கிறார். சிரித்த முகத்தோடுதான் ஸ்டூடியோவுக்கும் வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. தலையை வாரி, கோயிலுக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஒரு படம் கேக்காங்க தம்பி. ஒண்டே ஒண்டு! நான் நினைச்சன், எங்கட தம்பிக்கிட்ட ஒரு சாக்கு நிறைய இரிக்குமே எண்டு. பதினொரு வருசம் கெமராவத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால இருந்த மனுசனெல்லோ."

ஜிப்ரி கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்தார்.

"ஓம் அண்ணன். பாத்து எடுத்து வைக்கன்," என்றார்.

"அவசரமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள தந்தாச் சரி. மேர்சிக்கிட்டயும் செல்லிட்டன், யோசிக்காத எண்டு." மேர்சி அவருடைய மனைவி.

அவர் போனதும் ஜிப்ரி கடைக் கதவைப் பாதி இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தார். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார். தாரா மிதக்கிறது, தாரா சிறகை நீட்டுகிறது, தாராவின் அலகிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தோணியிலிருந்து எடுத்தவற்றில் செபஸ்தியாம்பிள்ளை இருக்க வழியில்லை, அவர் ஜிப்ரியின் முதுகுக்குப் பின்னால் தாங்கு கம்போடு நின்றவர். கரையிலிருந்து எடுத்தவற்றில் அவரை வழித்தாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் எங்கே எதை வழித்தோம் என்று ஜிப்ரிக்கு நினைவிருந்தது. இந்த மூலையில் மூன்று கம்பு நின்றது. இங்கே அவர் துவாயை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இதில் நல்ல மீன் பட்டுத் தூக்கிக் காட்டினார், அந்தக் கை தாராவின் தலைக்கு மேலே வந்து கெடுக்கிறது என்று எடுத்தது. கலியாணத்தில் எத்தனை பேரை எடுத்தவர்! அவர்களெல்லாம் இன்னொருவர் அல்பத்தில் எங்கேயாவது இருப்பார்கள். செபஸ்தியாம்பிள்ளையைத் தோணியில் வைத்துப் படம் பிடித்தவர் இந்த உலகத்தில் ஜிப்ரி ஒருவர்தான். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ஸஹீதா தேத்தண்ணியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரையில் கிடந்த தாராவைப் பார்த்தார்.

"அவர் இல்லாம ஒரு நாளாவது நீங்க தாராவுக்குக் கிட்டப் போயிரிக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப அவரப் போய் நீங்க ஏன் வழிச்ச?"

வெளிச்சத்துக்காக என்றார் ஜிப்ரி. சொன்ன அவருக்கே அது சப்பென்று இருந்தது.

"எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வைக்கத் தெரியாதா?" என்றார் ஸஹீதா. "நாளைக்கு அவர நிப்பாட்டி ஒரு படம் எடுங்க. எடுத்துப் பழைய படத்துல வைங்க. அவர் அங்க நிண்டது பொய்யா?"

ஜிப்ரிக்கு அதற்கு ஒரு மணித்தியாலம் போதும். செய்தால் எவனாலும் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் அரசாங்கக் கந்தோருக்குப் பொய்ப் படம் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. அல்பம் கொடுக்கும்போது தகப்பன்மாரின் கண்முன்னால் அழித்துக் காட்டிய மனிதரல்லவா, நேர்மை என்று ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. வழிக்கும்போது எங்கே போயிருந்ததோ அந்த நேர்மை, சரியாக இப்போது வந்து நின்றது.

மறுநாள் தேடியபோது ஒரு படம் அகப்பட்டது. இரண்டாயிரத்துப் பதினாறு தை மாதத்துப் படம், தேதி கோப்புக்குள்ளேயே இருந்தது. ஐந்து தாராக்கள் வரிசையாகப் போகின்றன. அவற்றுக்கு அப்பால் தோணியில் நின்ற செபஸ்தியாம்பிள்ளையை வழித்தாயிற்று. ஆனால் தண்ணீருக்குள் அவருடைய நிழல் தலைகீழாக அப்படியே விழுந்து கிடந்தது. தோணி, தாங்கு கம்பு, தலைத் துவாய் எல்லாம் அதில் விளங்கின. அந்தக் கறுப்புக்கு முன்னால் தாராவின் வெள்ளைப் புருவம் எடுப்பாகத் தெரிகிறது என்று அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். ஜிப்ரி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அதைத் தேதியோடு பெரிதாக அச்சடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் கந்தோருக்குப் போனார்கள். செபஸ்தியாம்பிள்ளை வெளியே வாங்கில் உட்கார, ஜிப்ரி மட்டும் உள்ளே போனார். அந்த அம்மா நல்லவர். எழுந்து நின்று படத்தை வாங்கினார், என்ன வடிவு என்றார். தேதியைச் சரிபார்த்தார். கண்ணா மேட்டை அடையாளம் கண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார்.

"இந்த நிழல் விளங்குது. ஆளையும் தோணியையும் காணல்லையே?"

ஜிப்ரி உண்மையைச் சொன்னார். அம்மா படத்தை மேசையில் மெதுவாக வைத்தார்.

"ஜிப்ரி நானா, உங்களைப் பிழையாக நினைக்கவில்லை. ஆனா ஆளை எடுக்கத் தெரிந்தவர் நிழலை வைக்கவும் தெரிந்தவர்தானே. இதை நான் மேலே அனுப்பினால் என்னிடம் என்ன கேட்பார்கள்? தொடாத படம் ஒன்று கொண்டுவாங்க. இன்றைக்கே பதிகிறேன்."

தொடாத படம்! கெஞ்சிப் பார்த்தார். வழித்தது தான்தான் என்று எழுத்தில் தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கும் கவலைதான், ஆனாலும் தலையை ஆட்டினாரே தவிர வேறு வழி சொல்லவில்லை.

வெளியே வந்தபோது செபஸ்தியாம்பிள்ளை எழும்பி நின்றார். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்னவாம்?"

"படம் தெளிவில்லையாம் அண்ணன்."

ஜிப்ரி சொன்னது அவ்வளவுதான். செபஸ்தியாம்பிள்ளை சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு ஜிப்ரியின் தோளில் கையைப் போட்டார்.

"அதுக்கு நீங்க என்ன செய்யிற? விடியச் சாமம் தண்ணி மினுங்கிற மினுக்கத்துல என்ட கறுப்பு உடம்பு எங்க தெளிவா விழப்போகுது? அலைக்கழிஞ்சது போதும், வாங்க, ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

அந்தத் தேத்தண்ணியை ஜிப்ரி எப்படிக் குடித்தாரோ தெரியாது. சொல்லியிருந்தால் இரண்டு ஏச்சு வாங்கியிருப்பார், அதோடு ஆறியிருக்கும். சொல்லாததால், குடா முழுக்கச் செபஸ்தியாம்பிள்ளை ஜிப்ரிக்கான நன்றியைச் சுமந்து திரிந்தார். அந்தத் தம்பி எனக்காகக் கந்தோர் ஏறினவர், கெமராவால ஏலாமப் போயிட்டு என்று காண்கிறவரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவை அது காதில் விழும்போதும் ஜிப்ரி வழியை மாற்றிக்கொண்டு போனார்.

ஆடி மாதத்தில் கம்புகளைப் பிடுங்கினார்கள். செபஸ்தியாம்பிள்ளையே பிடுங்கினார், அடுத்தவன் கை படக்கூடாது என்று. தோணியை விற்றுவிட்டுப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனார். கரையொதுங்கும் பாசியைக் காலையில் வாரிக் கொட்டுகிற வேலை, கிழமைக்கு ஒரு நாள்தான் வீடு. அந்தக் கார்த்திகையில் முள்ளிக்குடாவில் மிதிபடகுகள் ஓடின. தாராக்கள் வந்து மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெற்கே போயின. ஜிப்ரி அதற்குப் பிறகு கெமராவோடு வாவிக்குப் போகவில்லை. கலியாணங்களுக்குப் போனார், ஆனால் யாரையும் வழித்துத் தரமாட்டேன் என்று சொல்லத் தொடங்கினார். அதனால் சில வாடிக்கை குறைந்தது. வந்தவர்களிடம் காரணம் சொல்லவில்லை.

போன தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, நகர பஸ் நிலையத்தில் இருவரும் நேருக்கு நேராக அகப்பட்டுக்கொண்டார்கள். விலகிப்போக இடமில்லை. செபஸ்தியாம்பிள்ளை இன்னும் ஒடுங்கியிருந்தார். ஹோட்டலின் பெயர் எழுதிய பச்சைச் சேட்டுப் போட்டிருந்தார்.

"எங்க தம்பி உங்களக் காணவே கிடைக்கல்ல? உங்களிட்ட ஒண்டு கேக்க இரிந்த. அண்டைக்குக் கொண்டுபோன படம் இரிக்கா? தெளிவில்லாட்டியும் பரவாயில்ல. என்ட தோணியோட நான் நிக்கிற மாதிரி ஒண்டு வீட்டில கொழுவ வேணுமாம் எண்டு மேர்சி கேக்கா. எங்களிட்ட ஒண்டுமில்லையே."

ஜிப்ரி பஸ்ஸைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். இனியும் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அண்ணன், அதுல நீங்க இல்ல. ஒரு படத்திலயும் நீங்க இல்ல. கெமரா பிழை செய்யல்ல. நீங்க எல்லாத்திலயும் நல்லாத் தெளிவா விழுந்த நீங்க. நான்தான் வழிச்சு எடுத்த. தாரா வடிவா விளங்கோணும் எண்டு, பதினொரு வருசமும் நான்தான் எடுத்த."

செபஸ்தியாம்பிள்ளைக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவர் கோபிப்பார் என்று ஜிப்ரி எதிர்பார்த்தார். கோபித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். நடத்துனர் வாழைச்சேனை, பாசிக்குடா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செபஸ்தியாம்பிள்ளை பையைத் தூக்கித் தோளில் போட்டு, மிதிபலகையில் ஒரு காலை வைத்தவர், திரும்பி நின்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, நான் அவ்வளவு அசிங்கமாவா நிண்டன்?"